நாடக மேடை தந்த குரல்: கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் கலைவாழ்வைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் சங்கீத சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் சபைக் கச்சேரிக்கு ஒரு பெரும் பகுதியையும், திரைப்படத்துக்கு அதற்குச் சற்றும் குறையாத ஒரு பகுதியையும் ஒதுக்கிவிட்டு, இவ்விரண்டுக்கும் முன்னே நின்று இவ்விரண்டுக்கும் குரல்களை வாரி வழங்கிய நாடக மேடையை இரண்டொரு பக்கங்களில் கடந்து போய்விடுகிறார்கள். இந்தப் பாராமுகத்தால் நேர்ந்த நஷ்டங்களுள் தலையாயது, கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் கீர்த்தி நாடறிந்ததாக இருந்தும், அக்கீர்த்தியின் காரணம் இன்னதென்று நிச்சயிக்கப்படாமலே நின்றுவிட்டதுதான்.

அம்மையாரைப் பற்றி மூன்று அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. திரைப்படங்களில் ஔவையாராகத் தோன்றிப் பக்திப் பாடல்களைப் பாடிய முதிய அம்மையார் என்பது முதல் அபிப்பிராயம். பொதுமக்களுள் பெரும்பாலோர் அவரை அறிந்திருப்பது இவ்விதமே. நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் துணைவியார், அவருடைய பாணியைத் தழுவிப் பாடியவர் என்பது இரண்டாவது. பெருங்குரல் படைத்தவர்தாம், ஆயினும் அவர் பாடியது நாடகப் பாட்டேயன்றிச் சாஸ்திரீய சங்கீதம் ஆகாது என்பது சபை மரபில் ஊறியவர்கள் சிலர் கொண்டிருந்த மூன்றாவது அபிப்பிராயம். இம்மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும் எனினும், அவருடைய கலைவாழ்வு முழுவதையும் தொடர்ச்சியாக வைத்து நோக்கினால் இவற்றுள் ஒன்றேனும் நிறைவான விடையாகாது. அக்கலைவாழ்வின் தொடக்கம் முதல் முடிவு வரை இழையோடி நிற்பது மேடையில் பெற்ற பயிற்சியே என்பதும், சினிமாவும் கச்சேரியும் அரசியல் மேடையும் அப்பயிற்சியின் பலனைப் பின்னால் அனுபவித்த இடங்களே என்பதும் இக்கட்டுரையில் நிலைநாட்ட முற்படும் கருத்துக்கள்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் இருந்துகொண்டு இந்த ஆராய்ச்சியில் இறங்குவதற்குத் தக்க நியாயம் உண்டு. அம்மையாருக்குப் பெரும்புகழை ஈட்டித் தந்த நாடகம் வள்ளி திருமணம். வள்ளியின் நாயகனைத் திருப்புகழாகப் பாடிய அருணகிரிநாதரின் ஊர் திருவண்ணாமலை. அன்றியும், பாரதக் கூத்து இன்னும் உயிரோடு நடமாடும் வடார்க்காட்டுச் சீமையில், திரௌபதியம்மன் கோயில் திடல்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, திறந்த வெளியில் கூடிய பெருங்கூட்டத்தின் கடைசி வரிசை வரை சொல் சிதையாமல் பாடுவது எவ்வளவு கடினமான வித்தை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தில் அமர்ந்து சங்கீதம் கேட்டே பழகிய செவி எளிதில் உணராத ஒரு நுட்பத்தைத் திடலில் பழகிய செவி தானே உணர்ந்துகொள்கிறது.

ஸ்பெஷல் நாடகமும் அதன் கல்வியும்

அம்மையார் உருவான மேடையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தூத்துக்குடிச் சீமையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்து, 1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை இயற்றித் தமிழ் மேடைக்கு நிலையான இலக்கியம் ஒன்றைத் தந்தார். அவருக்கு முன்பும் நாடகங்கள் நடந்தன. பார்ஸி நாடகக் கம்பெனிகளின் திரைச்சீலைகளும் ஜோடனைகளும் இங்கே வந்து பரவின. சென்னையில் 1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் உரைநடை நாடகத்துக்குக் கௌரவமான ஸ்தானத்தைத் தேடித் தந்தார். ஆனால் நாட்டுப்புறத்து மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தது சுவாமிகளின் இசை நாடகத்தையே.

அந்த இசை நாடகத்தில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. பல வயதுச் சிறுவர்களைச் சேர்த்து ஓர் ஆசிரியரின் கீழ்ப் பாடமும் ஒத்திகையும் நடத்தி ஊர் ஊராகச் செல்லும் பாய்ஸ் கம்பெனி ஒன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் ஆகிய ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்தி, ஒரே இரவுக்கு ஒன்றுகூட்டி நடத்தும் ஸ்பெஷல் நாடகம் மற்றொன்று. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்பதே கிடையாது. மதுரையிலிருந்து ஒருவரும் திருச்சியிலிருந்து ஒருவரும் வந்து இறங்கி, அன்றிரவே மேடையில் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. இருவருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடமும், ஆர்மோனியத்தின் சுருதியும், தத்தம் சாமர்த்தியமுமே.

இதன் கடுமையை உணர்வதற்கு வள்ளி திருமணத்தின் தர்க்கக் காட்சி ஒன்றை மட்டும் கூர்ந்து நோக்கினால் போதும். தினைப்புனத்தில் பரண் மீது கவணோடு வள்ளி நிற்கிறாள். வேடன் வடிவில் முருகன் வந்து ஒரு கேள்வியைப் பாட்டாகவே தொடுக்கிறான். அக்கேள்வியின் ராகத்தையும் தாளத்தையும் பற்றிக்கொண்டு, சொல்லுக்குச் சொல் மறுப்பாக, வள்ளி உடனே பாடியாக வேண்டும். அவன் தாரஸ்தாயியில் ஓரிடத்தை எட்டிப் பிடித்தால், அவ்விடத்தை இவளும் தொடவேண்டும். தொடாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரும் அதை அறிந்துகொள்வார்கள். கச்சேரியில் ஆண்கள் தாழ்ந்த சுருதியிலும் பெண்கள் உயர்ந்த சுருதியிலும் தத்தம் வசதிக்கேற்பப் பாடலாம். நாடகத்தில் ஆர்மோனியம் ஒன்று. காட்சியின் நடுவே சுருதியை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே ஸ்திரீபார்ட்டின் நாலு கட்டை, ஐந்து கட்டைச் சுருதிக்கு ராஜபார்ட்டும் ஏறிவரவேண்டியதாயிற்று. ஒலிபெருக்கி பரவாத அந்தக் காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் சுருதியை உயர்த்தியது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் கோழி கூவும் வரை இவ்விதம் பாடி, மறுநாள் வேறோர் ஊரில் மறுபடியும் பாடுவதற்குக் குரல் இடங்கொடுத்தால்தான் பிழைப்பு.

மேலும், பாட்டின் மூலமே கதை நடப்பதால், சொல் விளங்காவிட்டால் நாடகமே விளங்காது. ராகத்தின் அழகுக்காகச் சொல்லைச் சிதைத்துப் பாடும் சுதந்திரம் மேடைக் கலைஞருக்கு இல்லை. தாளக்கட்டின்றி ராகத்தையும் சொல்லையும் மட்டும் பற்றிக்கொண்டு விரிகின்ற விருத்தம் நாடக மேடையில் அத்தனை செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுமுடியிலிருந்து கொழும்பு வரை

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அம்மையார் பிறந்தார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதே கே. பி. சுந்தராம்பாள் என்று சுருங்கியது. தாயின் பெயரையே முதலெழுத்தாகத் தாங்கியது தாயின் உழைப்பிலேயே வளர்ந்த அந்தக் குடும்பத்துக்குப் பொருத்தமானதே. வறுமையின் காரணமாக ரயில் வண்டியில் பாடிய அச்சிறுமியின் குரலைக் கேட்டு, ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடக அபிமானியுமான திருச்சி எஃப். ஜி. நடேசய்யர் அவரை மேடைக்கு அழைத்து வந்தார் என்பது பலரும் எழுதியுள்ள வரலாறு. எம். கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக லோகிதாசன் வேஷத்தில் மேடையேற்றியவரும் அதே நடேசய்யர்தாம். தமிழகத்தின் இரு பெருங்குரல்களை ஒருவரே இனங்கண்டார் என்பது, அக்காலத்து நாடக ரசிகர்களின் செவி எவ்வளவு பண்பட்டதாக இருந்தது என்பதற்குச் சான்று.

வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் குழந்தையாகத் தோன்றியபோது அம்மையாருக்குப் பால்யம் நீங்கவில்லை. பசியைப் பாடுவதற்கு அவருக்கு யாரும் பாவம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. குருகுலத்தில் பத்து வருஷம் அமர்ந்து கற்க வசதியற்ற ஏழைக் குழந்தைகளுக்கு நாடகக் கம்பெனியே பள்ளிக்கூடமாக இருந்தது. அங்கே சோறும் கிடைத்தது. சுருதியும் லயமும் கிடைத்தன. தமிழ்ச் செய்யுளும் நாவில் ஏறியது. அந்தப் பள்ளிக்கூடத்தின் கொடுமைகளை மறைக்க வேண்டியதில்லை. அது அளித்த கல்வியையும் மறுக்க வேண்டியதில்லை.

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த கிட்டப்பா, கன்னையா கம்பெனியில் புகழ்பெற்று விளங்கிய காலம் அது. திரை விலகுமுன்பே உள்ளிருந்து பாட்டைத் தொடங்கி, அவ்வொலியாலேயே சபையைத் தன்வசப்படுத்திவிட்டுப் பின்பு தோன்றுவது அக்காலத்து ராஜபார்ட்டின் வழக்கம். அவ்வழக்கத்துக்கு அவர் அளித்த ஜீவகளை தனி. 1926ஆம் ஆண்டு கொழும்பில் இவ்விருவரும் சந்தித்து, வள்ளியாகவும் வேலனாகவும் ஒரே மேடையில் நின்றார்கள். மறு வருஷம் மணம் புரிந்துகொண்டார்கள். இருவருடைய பாட்டும் இசைத்தட்டுக்களில் பதிவாகி, நாடகம் எட்டாத ஊர்களுக்கும் எட்டியது.

இங்கேதான் இரண்டாவது அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கிட்டப்பாவின் பாணியில் அம்மையார் பெற்றது பெரிது என்பதில் ஐயமில்லை. வேகமான பிருகாக்களில் அதன் சாயலை யாரும் கேட்கலாம். ஆனால் சந்திப்புக்கு முன்பே இலங்கை மேடையில் புகழ் பெற்றிருந்தவர் அவர். மேலே கூறிய தர்க்கக் காட்சியின் இயல்பை நோக்கினால், ஒருவர் குருவாகவும் மற்றவர் சீடராகவும் இருந்து அந்தக் காட்சியை நடத்தவே இயலாது என்பது விளங்கும். எதிர்நின்று விடை சொல்லும் ஆற்றல் இருவருக்கும் சமமாக இருந்ததனால்தான் அந்த ஜோடி சரித்திரப் பிரசித்தி பெற்றது.

அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, இருபத்தெட்டு வயதுகூட நிறையாத கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்று முதல் வெள்ளைக் கதரும் திருநீறும் தரித்து, எந்த ஆடவருக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். இறுதிவரை அதனைக் காத்தார்.

துறவு வேஷங்களின் வரிசை

ஸ்திரீபார்ட் ஒருவர் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்வது, சாதாரணமாக மேடைவாழ்வை முடித்துக்கொள்வதற்குச் சமானம். அம்மையார் விஷயத்தில் நேர்ந்ததோ நேர்மாறானது. 1935ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அப்படத்துக்காக அம்மையார் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினி வாசனின் ஔவையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1965இல் ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடலில் மீண்டும் ஔவையார்; 1973இல் காரைக்கால் அம்மையார்.

இவ்வரிசையை ஒரு முறை நின்று நோக்குதல் தகும். தில்லைக்குப் போகத் தவித்த அடியார், அமுதசுரபி ஏந்திய பௌத்தத் துறவி, முதுமையை வேண்டிப் பெற்ற புலவர், சமண சமயத் தவமூதாட்டி, பேயுருவை விரும்பி ஏற்ற சிவனடியார் என்று, இல்வாழ்வின் எல்லையைக் கடந்து நின்ற பாத்திரங்களாகவே இவை அமைந்துள்ளன. சைவமும் பௌத்தமும் சமணமும் இவ்வரிசையில் அடங்குகின்றன. தமிழிலக்கியத்தின் நெடிய மரபும் அடங்குகிறது. தம் சொந்த வாழ்வில் ஏற்ற விரதத்தையே கலையின் எல்லையாக வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள்ளேயே ஒரு பேருலகத்தை அம்மையார் சிருஷ்டித்துவிட்டார். காதலியாக மட்டுமே பெண்ணுக்கு இடமளித்த மேடையில், ஞானியாகவும் துறவியாகவும் அறிவுரை கூறும் மூதாட்டியாகவும் பெண்ணின் குரல் ஒலிக்கலாம் என்று காட்டியது அவருடைய தனிச் சாதனை.

ஆண் வேஷத்தை அவர் ஏற்றது குறித்து இன்று வியப்போர் உண்டு. நாடக மரபில் அது வியப்பன்று. அதே மேடையில் வளர்ந்த டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்து ‘ஔவை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். ஆடவர் ஒருவர் ஔவையாகவும் பெண்மணி ஒருவர் நந்தனாராகவும் நின்று தமிழ்மக்களின் கண்ணீரைப் பெற்றார்கள் என்றால், உருவத்தைக் காட்டிலும் பாவத்தையும் குரலையுமே அந்த மேடை பிரதானமாகக் கொண்டது என்பது தெளிவாகும்.

திருவிளையாடலில் பழனி மலையில் நின்று கோபித்துக்கொண்ட குழந்தை முருகனை ஔவை சமாதானம் செய்யும் காட்சியில், அம்மையாரின் வயது ஐம்பத்தாறு. எதிரே நிற்பது ஒரு சிறு குழந்தை. ஆனாலும் அங்கே அவர் கையாளுவது, நாற்பது வருஷங்களுக்கு முன் வேலனுக்கு மறுமொழி சொன்ன அதே தர்க்கக் கலை. விருத்தமாகத் தொடங்கிச் சொல்லைத் தெளிவாக நிறுத்தி, உச்சஸ்தாயிக்குத் தாவி, எதிராளியைப் பாட்டாலேயே இளக வைக்கும் அம்முறை நாடக மேடையின் முறையே. அந்தப் படத்தை ஆக்கிய நாகராஜனும் நாடகக் கம்பெனியில் இளமையைக் கழித்தவராதலால், அம்மையாரின் குரலுக்கு எங்கே இடம் விடவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். சினிமா அம்மையாரைப் பக்திப் பாடகியாக ஆக்கியது என்ற முதல் அபிப்பிராயம் இதனால் தலைகீழாகிறது. மேடையில் முதிர்ந்த கலையொன்று சினிமாவில் போய்க் குடியேறியது என்பதே பொருந்தும்.

அரசியல் மேடையும் அவ்வாறே. நாடகக் கலைஞர்கள் கதையின் நடுவே தேசியப் பாடல்களைப் பாடுவது அக்காலத்து வழக்கம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியிலேயே வெள்ளைக் கொக்குகளை விரட்டுவதாகப் பாட்டமைத்து, அன்னிய ஆட்சியைச் சாடினார்கள். பல முறை சிறை புகுந்த தியாகி விசுவநாத தாஸ், 1940ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னை மேடையில் முருகன் வேஷத்தோடு மயில்மீது அமர்ந்தபடியே உயிர் நீத்தார். இந்தப் பரம்பரையில் வந்த அம்மையார் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காந்தியடிகளின் பாராட்டையும் பெற்றார். 1951ஆம் ஆண்டு சென்னைச் சட்ட மேலவையில் அங்கத்தினரானார். திரைக்கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டசபையில் இடம்பெற்றது அதுவே முதல் முறை என்பர். பிற்காலத்தில் தமிழக அரசியலில் கலைஞர்கள் பெற்ற பெருஞ்செல்வாக்கின் வாயிலில் நிற்பவர், வேஷத்தால் அன்றிப் பாட்டால் மக்களைத் திரட்டிய இப்பெண்மணியே.

நாடகப் பாட்டு என்ற குறை

இனி எஞ்சி நிற்பது மூன்றாவது அபிப்பிராயம். ராக ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் ஆகியவற்றின் விஸ்தாரத்தைக் கொண்டு அளந்தால், நாடக மேடைச் சங்கீதம் சுருக்கமானதே. கால் மணி நேரம் ஒரு ராகத்தை விரித்துக்கொண்டிருந்தால் வேடன் எப்போது வள்ளியை மணப்பது? ஆனால் சுருக்கம் வேறு, குறைபாடு வேறு. இரண்டே நிமிஷத்தில் ராகத்தின் ஜீவ ஸ்வரங்களைக் காட்டி, பாமரரும் இன்ன ரசம் என்று உணரும்படி செய்வது தனிப்பட்டதொரு வித்தை. காம்போதியையும் செஞ்சுருட்டியையும் பெயர் தெரியாமலே தமிழ்நாட்டு உழவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்களென்றால், அந்த உபகாரத்தைச் செய்தது நாடக மேடையும் கோயில் நாகசுரமுமே. தமிழிசைச் சங்கம் 1966ஆம் ஆண்டு அம்மையாருக்கு ‘இசைப் பேரறிஞர்’ என்ற விருதை வழங்கியபோது, இந்த வித்தைக்கு அறிஞர் சபையின் அங்கீகாரம் கிடைத்தது. துணைவன் படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் அவரைத் தேடி வந்தன.

பிற நாட்டு மரபோடு ஒப்பிட்டால் இவ்வித்தையின் அருமை இன்னும் விளங்கும். லண்டன் இசை நாடக அரங்கில் எலைன் பெய்ஜ் 1978இல் எவிட்டா நாடகத்திலும் 1981இல் கேட்ஸ் நாடகத்திலும் பாடி உலகப் புகழ் எய்தினார். அங்கே பல மாத ஒத்திகை உண்டு. ஒரே அரங்கில், ஒரே குழுவுடன், எழுதிய ஸ்வரம் பிசகாமல் வாரந்தோறும் நடிக்கலாம். குரலை ஏந்திச் செல்லக் கருவியும் வாத்தியக் கோஷ்டியும் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பெரும் உழைப்பு வேண்டும். அதைக் குறைத்துக் கூற இடமில்லை. நம் மேடையின் கட்டுப்பாடு வேறு வகைப்பட்டது. இன்று யாருடன் பாடப் போகிறோம், அவர் எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்பதறியாமல், ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும் துணையாக, விடியும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். லண்டனில் இசை நாடகப் பாடகருக்குத் தனி ஸ்தானமும், அவர் கலையைக் கற்பிக்கும் கல்லூரிகளும், விரிவான விமரிசன நூல்களும் இருக்கின்றன. நம் நாட்டிலோ அதனினும் கடினமான வித்தையைக் கற்றவர்களைச் சங்கீத சரித்திரம் சினிமாவின் கணக்கிலும், சினிமா சரித்திரம் நாடகத்தின் கணக்கிலும் எழுதி, ஒருவரும் முழுமையாக ஏற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். இந்த வேற்றுமை கலையின் தரத்தால் வந்ததன்று. கலையைப் போற்றும் முறையால் வந்தது.

அம்மையார் 1980ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய இசைத்தட்டுக்களும் படங்களும் இன்றும் கிடைக்கின்றன. எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா விடியற்காலையில் அவர் குரலே முதலில் ஒலிக்கிறது. ஆயினும் ஒலிபெருக்கியில் கேட்டு உருகுவது மட்டும் அவருக்குச் செய்யும் நன்றியாகிவிடாது. அவர் குரலை உருவாக்கிய பயிற்சி முறை இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களை நம்பி வாழ்கிறார்கள். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில், கண்ணப்பத் தம்பிரான் கட்டிக்காத்த தெருக்கூத்துப் பரம்பரை தொடர்ந்து வருகிறது. கட்டை வேஷம் பூண்டு, முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் ஈடுகொடுத்து உச்ச சுருதியில் பாடும் கூத்தரின் சாதகம், அம்மையார் பெற்ற சாதகத்துக்குத் தாயாதி முறை உடையது.

ஆகவே செய்யத்தக்க காரியங்கள் தெளிவானவை. இசைக் கல்லூரிகள் நாடக மேடைச் சங்கீதத்தைத் தனிப் பாடமாக ஏற்று, விருத்தத்தையும் தர்க்கப் பாட்டையும் அம்மேடையின் மூத்த கலைஞர்களைக் கொண்டே கற்பிக்க வேண்டும். பழைய இசைத்தட்டுக்களைத் திரட்டி, பாடியவர், நாடகம், ராகம், ஆண்டு ஆகிய விவரங்களோடு பட்டியலிட வேண்டும். மாவட்டந்தோறும் கூத்தாசிரியர்களும் நாடகாசிரியர்களும் சங்கீத ஆசிரியர்களாகவே மதிக்கப்பட்டுப் பள்ளிகளில் இடம்பெற வேண்டும். இவை நடந்தால், ரயிலில் பாடிய ஏழைச் சிறுமியொருத்தி இசைப் பேரறிஞர் ஆனது தெய்வாதீனமாக நேர்ந்த அற்புதம் என்று கருதும் நிலை மாறி, திறமையுள்ள எந்த ஏழைக் குழந்தையும் அடையக்கூடிய கல்வியின் பயன் அது என்பதை நாடு உணரும். சுந்தராம்பாள் அம்மையாரின் கலைவாழ்வை ஆராய்ந்தவர்கள் பெறவேண்டிய முடிவும், ஏற்கவேண்டிய கடமையும் இதுவே.